காகம் இல்லாத படம்

அன்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு,

"ஏனுங்க சம்பந்தி, கடுதாசியிலயும் 'அவர்களுக்கு'ங்களா?" என்று நீங்கள் கேலி செய்வது காதில் விழுகிறது. என்ன செய்ய? ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவிலேயே தலை நரைத்தவன். மரியாதையும் எண்ணும் போடாமல் எனக்கு எழுத வராது. ஆகவே, சொல்ல வேண்டியவை:

1. நிக்டியில் நம் பிள்ளைகள் வீட்டுச் செய்திகள்.
2. இந்த வருடம் போளா திருவிழாவுக்கு நான் தனியாகப் போய்வந்தது.
3. உங்கள் மகள் மலர் கேட்கும் உங்கள் படம் என்னிடம் இல்லை என்பது.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நீங்கள் பால்கனியில் வைத்த கறிவேப்பிலை என் தோள் உயரம் வந்துவிட்டது. அதில் ஒரு சிட்டுக்குருவி வந்து உட்காருகிறது. உங்கள் பேத்தி, "தாத்தா, சிமணி வந்துச்சு, போட்டோ காடு!" என்று கத்துகிறாள். சிமணி என்றால் குருவி, காடு என்றால் எடு; பாதி மராத்தி, பாதி தமிழ். குருவிக்கு இரண்டும் புரிகிறது போலும், உடனே பறந்துவிடுகிறது.

அடுத்த மாதம் உங்கள் வருஷத் திதி. கூடத்தில் மாட்டுவதற்கு நீங்கள் சிரிக்கும் படம் ஒன்று வேண்டும் என்கிறாள் மலர். கேமராவைக் கண்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்பது உங்கள் வழக்கம் அல்லவா? அவள் போனில் இருப்பதெல்லாம் அந்த முகம்தான்.

"அப்பா யாரையோ திட்டப் போற மாதிரியே இருக்காருங்க மாமா. நீங்க ரெண்டு பேரும் அத்தனை ஊரு சுத்தினீங்க. சிரிக்கற மாதிரி உங்ககிட்ட ஒண்ணுகூடவா இல்லீங்க?"

பறவைகளைத்தானே நான் படம் எடுக்கிறேன். என்னிடம் இருப்பவை மீன்கொத்திகள், பூநாரைகள், வானம்பாடிகள்.

நம் பயணங்கள் நினைவிருக்கின்றனவா? சிவப்பு பஸ்ஸில் ஏறி, பெயர் பிடித்த ஊரில் இறங்கி, மாலை வரை அங்கேயே கிடப்போம். நான் ஏரிக்கரையில் உட்காருவேன். நீங்கள் டீக்கடையில் உட்காருவீர்கள். மராத்தியில் நாலு வார்த்தைதான் உங்களுக்குத் தெரியும். எந்தப் பாஷையானாலும் கடைசியில் 'ங்க' சேர்த்தால் மரியாதை வந்துவிடும் என்று உறுதியாக நம்பினீர்கள். 'கதி' என்றால் எப்போது என்று கற்றுக்கொண்ட அன்றே, கண்டக்டரிடம் "பஸ் கதிங்க?" என்று கேட்டீர்கள். அவர் அசராமல் பதில் சொன்னதுதான் இன்றும் எனக்கு அதிசயம்.

"காலையில இருந்து அந்த ஒரே மீன்கொத்தியத்தானுங்க பாக்கறீங்க. அதுக்கே வெக்கமாயிருக்குமுங்க. மனுசங்களையும் ரெண்டு படம் எடுங்க."

"பறவைன்னா அனுமதி கேட்க வேண்டாம், சம்பந்தி."

"கேட்டாத்தான் என்னங்க, கடிச்சா வெச்சிருவாங்க?"

மனிதர்களிடம் அனுமதி கேட்க எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை.

போன வருடம் சாகண் ஊருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் போளா பார்த்தோம். காளைகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, போளி ஊட்டுகிற திருநாள். "நம்ம மாட்டுப் பொங்கலேதானுங்க, மாசந்தான் மாறிப்போச்சு" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்கள் காளைகள் கட்டியிருந்த ஒரு வீட்டு வாசலுக்குப் போய்விட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் முகம் தொங்கத் திரும்பி வந்தீர்கள்.

"ஏனுங்க, என்னையப் பாத்து எதுக்குங்க எல்லாரும் காக்கா காக்காங்கறாங்க? அத்தனை கருப்பாவா இருக்கறேன்?"

"அது காகா, சம்பந்தி. மராத்தியிலே சித்தப்பான்னு அர்த்தம். மரியாதைதான்."

"அப்படிங்களா! அப்பச் சரிங்க" என்று இரண்டு மடங்கு உற்சாகத்தோடு மறுபடி போனீர்கள். பாடம் நடத்திய பெருமையில் நான் சுவரோரம் மேய்ந்துகொண்டிருந்த ஒரு கொண்டலாத்திப் பறவையின் பக்கம் லென்ஸைத் திருப்பினேன்.

இந்த வருடமும் போளா வந்தது. அந்தக் கிராமத்தில் எவராவது தங்கள் போனில் உங்களை எடுத்திருக்கக் கூடாதா என்று ஓர் ஆசை. பஸ்ஸில் போகும்போதே கேட்க வேண்டிய வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். ஊருக்குள் இறங்கியதும் அது மறந்துபோனது. காளைகள் கட்டியிருந்த அந்த வீட்டு வாசலில் நின்றேன், நகர்ந்தேன், மறுபடி நின்றேன். வீட்டு அம்மாள் வெளியே வந்தார். என் போனில் உங்கள் விறைத்த முகத்தைக் காட்டினேன். பதற்றத்தில் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"போட்டோ ஆஹே காங்க?"

'இருக்கிறதா' என்கிற 'ஆஹே கா'வின் வாலில் உங்கள் 'ங்க'! அந்த அம்மாள் ஒரு விநாடி முழித்தார். பிறகு வீட்டைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்: "அகோ, நம்ம ங்க-காகா!" உள்ளே இருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். அந்த ஊரில் உங்கள் பெயர் அதுதானாம். நீங்கள் போய்விட்டதைச் சொன்னேன். பிறகு கையைப் பிடித்து உட்காரவைத்து, எனக்கும் போளி கொடுத்தார்கள்.

படம் மட்டும் இல்லை. "நாங்க எதுக்கு எடுக்கணும்? நீங்கதானே எடுத்தீங்க! காகா, காகான்னு கத்திக் கூப்பிட்டோமே, திரும்பிப் பார்த்து எடுத்தீங்களே" என்று மராத்தியில் சாதித்தார் அந்த அம்மாள். என்னை வேறு யாரோ என்று நினைக்கிறார், மறுத்துப் பேசி மனத்தைப் புண்படுத்துவானேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சம்பந்தி, கடிதத்தை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். அந்த அம்மாள் சொன்னதை எழுதும்போதுதான் ஒன்று உறைக்கிறது. போன வருடம், கொண்டலாத்தியை எடுத்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் "காகா! காகா!" என்று ஒரு பெருங்கூச்சல் கேட்டது. கொண்டலாத்தியை விரட்டக் காகம் வருகிறது என்று கேமராவோடு திரும்பி அழுத்தினேன். காகம் எதுவும் இல்லை. பறவை இல்லாத படங்களை அழிக்காமல் 'காலி' என்று தனியே போட்டுவைப்பது என் பழக்கம். இதோ, கணினியைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன்.

இரண்டு காளைகளுக்கு நடுவில் நிற்கிறீர்கள். கன்னமெல்லாம் குலால் வண்ணப்பொடி. கையில் இருக்கும் போளியில் பாதி காளையின் வாயில். அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிறீர்கள். மூச்சைப் பிடிக்கவே இல்லை. இந்த மனிதர் நம் பக்கம் கேமராவைத் திருப்பமாட்டார் என்று அவ்வளவு நிச்சயமா உங்களுக்கு? கூப்பிட்டது உங்களை அல்ல, என்னை. சித்தப்பா, இங்கே பாருங்கள் என்று ஊரே கூப்பிட்டிருக்கிறது. அர்த்தம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் காக்கையைத் தேடியிருக்கிறார்!

மலரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"ஃபோகஸ் கொஞ்சம் தப்பியிருக்கும்மா. காளைக் கொம்புதான் கூர்மையா வந்திருக்கு."

"இருக்கட்டுமுங்க மாமா. இதானுங்க எங்கப்பா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அந்தக் காளைக்கு முன்னாடி ஒரு வாய் அவரே சாப்பிட்டிருக்காரு, பாருங்க, மீசையில ஒட்டியிருக்கு" என்று சிரித்தாள்.

அடுத்த போளாவுக்கு இந்தப் படத்தைச் சட்டம் போட்டு அந்த வீட்டுக்கு எடுத்துப்போவேன். அவர்களையும் காளைகளையும் ஒன்றாக நிறுத்தி ஒரு படம் எடுப்பேன். முதலில் அனுமதி கேட்பேன், கடைசியில் 'ங்க' சேர்த்து. இது உறுதி.

மேலே போட்ட பட்டியலைத் திருத்தவில்லை. நீங்கள் பார்த்துச் சிரிக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். மூன்றாவது குறிப்பு தவறு, சம்பந்தி.

இப்படிக்கு,
மலரின் மாமனார்,
உங்களோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த சம்பந்தி.