இலைக்கு முன்னால் தார்ப்பாய்

18 ஜூன் 2025, புதன்

புது வீட்டின் முகப்பில் கார் நிறுத்தும் இடத்துக்கு இன்று மேலே கான்கிரீட் போட்டாச்சு. பேத்தி அகல்யா இன்ஜினியருக்குப் படித்துவிட்டு நின்று பார்க்கும் முதல் வேலை. தலையில் மஞ்சள் தொப்பி. எங்கள் தெருவில் வேறு யார் பேத்திக்கு அது இருக்கிறது? கலவையில் தண்ணீரைக் குறைக்கச் சொல்லி கொத்தனார் பெரியகருப்பனோடு சண்டை வேறு. மதியம் வழக்கப்படி வேலையாட்கள் எல்லோருக்கும் கறிச்சோறு. பெரியகருப்பன் மூன்று தடவை குழம்பு வாங்கினார்.

19 ஜூன்

காலையில் பார்த்தால் தளமெங்கும் முடிமுடியாக வெடிப்பு.

"தண்ணியக் கொறைக்கச் சொல்லி நின்னாகள்ல, அதான்" என்றார் பெரியகருப்பன். மகன் முத்துக்கண்ணனும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டான். "வீட்டு மேல்தளம் கொத்தனார் சொல்றபடிதான். நீ தள்ளி நில்லும்மா."

மஞ்சள் தொப்பி பரணுக்குப் போய்விட்டது.

20 ஜூன்

பிள்ளை இரண்டு தோசையோடு எழுந்துவிட்டாள். என் சட்னிக்கு இது அவமானம்.

22 ஜூன், ஞாயிறு

"ஏத்தா, தண்ணி கொறைஞ்சா வெடிக்குமா?" என்று கேட்டேன்.

"இல்ல அப்பத்தா. கான்கிரீட் இறுகுறதுக்குள்ள காத்தும் வெயிலும் மேல் ஈரத்த உறிஞ்சிருச்சு. மேல சுருங்குது, அடியில சுருங்கல. வெடிக்காம என்ன செய்யும்? தேச்ச கையோட தார்ப்பாய் போட்டு மூடிருக்கணும்."

"பெறகு ஏன் மூடல?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். போய்விட்டாள்.

ஏன் மூடவில்லை — எனக்கா தெரியாது? தார்ப்பாயைக் கையில் எடுத்தவளை, "இலை போட்டாச்சு, கறி ஆறுது, இறங்குடி!" என்று கத்தியது யார்? ஒன்றரை மணி நேரம் பந்தி. மேலே தளம் ஆனிக் காற்றில் திறந்து கிடந்தது. "தளத்துல தண்ணி நாளைக்குத்தான கட்டுவோம், இப்ப எதுக்கு மூடணும்?" என்று பெரியகருப்பன் ஏப்பம் விட்டார். இத்தனைக்கும் பிள்ளை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

23 ஜூன்

சொல்லிவிடலாமா? என் குழம்புக்கல்லவா கெட்ட பேர்.

25 ஜூன்

சொல்லிவிட்டேன். மகனும் கொத்தனாரும் டீ குடிக்கும்போது.

பெரியகருப்பன் சிரித்தார். "முப்பது வருசமா நாங்க இப்பிடித்தான் சாப்பிடப் போறோம் ஆத்தா."

"முப்பது வருசமா வெடிப்புல சிமெண்டுப் பால் ஊத்தி மூடுறீகளே, அது என்னவாம்?"

டீ தம்ளரைக் கீழே வைத்தார். முத்துக்கண்ணன், "சரி, மேல்தளம் அகல்யா சொல்றபடி. இதுவும் வெடிச்சா அப்பறம் ஆத்தாவும் பேத்தியும் வாயத் தொறக்கக் கூடாது" என்றான். நான் வாயைத் திறக்காமல் இருப்பதாவது!

9 ஜூலை, புதன்

விடிந்ததும் ஆரம்பித்தார்கள். தேய்க்கத் தேய்க்கப் பின்னாலேயே தார்ப்பாய், ஓரமெல்லாம் செங்கல். கடைசி மூலைக்குத் தார்ப்பாய் பற்றவில்லை. பந்திக்கு நிழலாகக் கட்டியிருந்ததை அவிழ்த்து மேலே அனுப்பினேன்.

"ஆத்தா, கறி வாசம் ஆளத் தூக்குது" என்று மேலிருந்து பெரியகருப்பன்.

"மூடிட்டு இறங்குங்க. அதுக்கப்பறந்தான் இலை."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஆறின கறி பரிமாறினேன். யாரும் மிச்சம் வைக்கவில்லை.

10 ஜூலை

தார்ப்பாயை எடுத்ததும், பாத்தி கட்டித் தண்ணீர் விடுவதற்குள் ஏணி ஏறி, கண்ணாடி போட்டு, மூலை மூலையாகத் தேடினேன். ஒரு முடி வெடிப்புகூட இல்லை.

14 ஜூலை

கோட்டையூரில் ஒரு வேலையிலிருந்து பெரியகருப்பன் போன். "ஆத்தா, இன்ஜினியரம்மா இருக்காகளா? இங்குட்டு காத்து பலமா இருக்கு. மூடிட்டு வாரோம்னா வீட்டுக்காரம்மா விட மாட்டேங்குறாக. இலை போட்டாச்சாம், கறி ஆறுதாம்."

அகல்யா மஞ்சள் தொப்பியோடு வேறொரு வேலைக்குப் போயிருந்தாள். இதற்கு அவள் எதற்கு?

"அந்தம்மாட்ட போனக் குடுங்க" என்றேன்.