இடது பக்க ஸ்பிரிங்

என்னங்க,

நீங்கள் நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. வண்டிச் சாவியைத் தேடாதீர்கள், நான் வேலைக்குக் கொண்டுபோகும் கைப்பையில் இருக்கிறது. கோபத்தில் எடுக்கவில்லை, பயத்தில் எடுத்தேன்.

காலையில் தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டு வண்டியைக் காட்டினேன். "பின்னாடி இடது பக்க ஷாக் அப்சர்பர் ஸ்பிரிங்கை மட்டும் கல்லு மாதிரி இறுக்கியிருக்கு! யாரு செஞ்ச வேலை?" என்றார். நான் ஒருக்களித்து உட்காரும் பக்கம் அமுங்கக் கூடாதென்று நீங்கள்தான் இறுக்கினீர்கள் என்றேன். சிரித்துவிட்டார். "பாசம் சரிதாம்மா. ஆனா ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கணும். இல்லைன்னா வளைவுல வண்டி ஆடும்."

அன்றைக்கு உங்கள் பின்னால் உட்கார்ந்து வந்தபோது நான் விழுந்தது வளைவில்தான். "உனக்கு ஒழுங்கா உட்காரத் தெரியல" என்று நேற்றும் கத்தினீர்களே!

சாயங்காலம் வந்து சரிசெய்வார். அதற்குச் சாவி வேண்டாமாம். பாப்பாவைப் பள்ளியிலிருந்து நடந்தே கூட்டிவாருங்கள். பக்கத்து வீட்டு வண்டியையும் இரவல் கேட்க வேண்டாம்.

பி.கு.: இடுப்பு இன்னும் வலிக்கிறது. போய்விட்டது என்று நேற்று சொன்னது உங்கள் முகம் வாடியதைப் பார்த்துத்தான். இருந்தாலும் வண்டி சரியானதும் முதலில் பின்னால் நான்தான் உட்காருவேன். அந்த வளைவை ஒரு தரம் தாண்டிப் பார்த்த பிறகுதான் பாப்பா ஏறலாம்.