மதகு காத்தான் கதையின் கடைசிப் பாட்டு

1912 ஜனவரி 9, பாளையங்கோட்டை

காலை முதல் தடுமல், ஓயாத தும்மல். பையன்களுக்கு யாப்பு நடத்தினேன். அவர்களுக்கும் எனக்கும் சம துன்பம்.

மாலையில் பேட்டைக்குப் போனேன். அரிசி வியாபாரி காஜா முகைதீன் அண்ணாச்சியின் வாப்பா, இந்தப் பக்கத்துப் பழங்கதைகளை ஆராய்ந்து அச்சிடுகிறவர்களுக்கென்று ஒரு தர்ம நிதி எழுதிவைத்துவிட்டுக் காலமானார். இந்த ஆண்டு அது எனக்கு! மதகு காத்தான் கதை என் குறிப்புகளோடு புத்தகமாகப் போகிறது. கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய வேலை. ஒரே விதி: மார்ச் முடிவதற்குள் முழுக் கதையும் போய்ச் சேர வேண்டும். குறைப் பிரதிக்கு நிதி கிடையாது.

ஜனவரி 20, ஆழ்வார்குறிச்சி

வில்லுப்பாட்டு அண்ணாவி சுடலையாண்டி பாடப் பாட எழுதினேன். பாண்டியன் காலம், ஆற்றில் வெள்ளம், மதகு உடைகிறது. காவல்காரன் வீட்டில் நிறைமாதப் பெண்டாட்டி. மிச்சம் ஒரு பாட்டுத்தான் - அவன் உடைப்பில் தானே விழுந்து அடைத்துச் சாகிற பாட்டு.

அதற்கு முன் வெற்றிலை போட உட்கார்ந்தோம். பேச்சுவாக்கில், வீட்டில் என் மனைவி பாக்கியவதிக்கு ஆறாம் மாதம், சீக்கிரம் ஊர் திரும்ப வேண்டும் என்றேன். அண்ணாவி வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டார்.

"இத முதல்லயே சொல்லாம விட்டுட்டீரே வே. மாசமா இருக்கவ புருசன் காதுல அந்தப் பாட்டு விழப்பிடாது. பிள்ளை பொறக்கட்டும், நானே வந்து பாடுதேன்."

கெஞ்சினேன். அசையவில்லை.

ஜனவரி 21

பேறுகாலம் ஏப்ரல் கடைசியில். கெடு மார்ச்சில். ஒரு கிழவரின் மூடத்தனத்தால் என் புத்தகம் போவதா? கோயிலில் பாதிரியாரின் பிரசங்கம் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை.

பிப்ரவரி 10

பேட்டை. தவணை கேட்டேன். அண்ணாச்சிக்கு என்மேல் இரக்கம்தான். ஆனால் வாப்பா வைத்த விதியைத் தானே மீறினால் நாளைக்கு யார் மதிப்பார் என்றார். நாங்குநேரியில் முத்துமாலை என்றொரு பாட்டுக்காரர் இருக்கிறாராம். இந்தக் கட்டுப்பாடெல்லாம் பார்க்கமாட்டாராம். அங்கே போய்ப் பார்க்கச் சொன்னார்.

மார்ச் 2

நாங்குநேரி விஷயத்தைப் பாக்கியவதியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். தலை நிமிரவில்லை.

"போன பிள்ளை எந்தப் பாட்டக் கேட்டுப் போச்சு? போயி எழுதிட்டு வாங்க. கர்த்தர் பாத்துக்கிடுவாரு."

இவளுக்கு இருக்கிற தைரியம்.

மார்ச் 16, நாங்குநேரி

முத்துமாலை நல்ல குரல்காரர். காசு முன்பே வாங்கிக்கொண்டார். முதல் அடி - காவல்காரன் பெண்டாட்டியிடம் விடைபெற்று வாசல் தாண்டுகிறான் - எழுதிவிட்டேன். இரண்டாம் அடியில் கை ஓடவில்லை. போதும், தலைவலி என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

எழுதிய அடியையும் அடித்துவிட்டேன்.

வேதபாட வகுப்பு எடுக்கிறவன் நான். யாருக்குப் பயந்தேன்? மதகு காத்தானுக்கா? தெரியவில்லை. போன பிள்ளையை வைத்த அந்தச் சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனவன் நான்தான். அது மட்டும் தெரிகிறது.

மார்ச் 30

கடைசிப் பாட்டு என்னிடம் இல்லை என்று அண்ணாச்சிக்கு எழுதிப்போட்டேன்.

ஏப்ரல் 12

நிதி வேறொருவருக்குப் போயிற்று. பாக்கியவதிக்குக் கோபம். "நான் போகச் சொன்னேன். நீங்க என்னையச் சாக்கு வச்சிட்டிய," என்றாள். சாப்பாடு வைத்தாள், பேச்சு வைக்கவில்லை.

ஏப்ரல் 29

பெண் குழந்தை. நன்றாக அழுகிறாள். ஸ்தோத்திரம்.

மே 19

சொன்னபடியே அண்ணாவி வந்தார். அழைக்கவில்லை, சொல்லி அனுப்பவும் இல்லை. எப்படித்தான் கேள்விப்பட்டாரோ. வில் இல்லை, எங்கள் செப்புக்குடத்தைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு பாடினார். பாக்கியவதி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். காவல்காரன் வாசல் தாண்டும் இடத்தில் நான் பேனாவை நிறுத்தினேன். "எழுதுங்க," என்றாள் அவள்.

எழுதி முடித்தேன். கதை இப்போது முழுசு. அச்சிடத்தான் வழியில்லை. அடுத்த ஆண்டு நிதிக்கு மறுபடி மனுப் போடலாம் என்றேன்.

"சீக்கிரம் போடுங்க. அச்சுப்பிழை பாக்கையில அந்தப் பாட்ட வாசிக்கணும்லா? அதுக்குள்ள நான் திரும்ப மாசமாயிட்டா என்ன செய்விய?" என்று அவள் சிரித்தாள். அண்ணாவியும் சிரித்துவிட்டார்.

நான் சிரிக்கவில்லை. மனுவை இன்றே எழுதிவிட்டேன்.