தத்து என்றுதான் சொன்னார்கள்

4 பிப்ரவரி 2008, அண்ணாமலை நகர்
ஆய்வின் கணக்கு வந்துவிட்டது. தத்துப் பிள்ளைகளின் அறிவுத்திறன் வளர்த்த தாயோடு அப்படியே ஒத்துப்போகிறது. ரத்தம் இல்லை, வளர்ப்புதான்! வழிகாட்டி ராஜமாணிக்கம் சாருக்குத் தலைகால் புரியவில்லை. "ஜூன்ல தீசிஸ் குடுத்துடு இசைவாணி." கொடுத்தால் கடலூரில் கல்லூரி வேலை. போனில் அம்மா சந்தோஷத்தில் ஒரே அழுகை.

9 பிப்ரவரி
இவ்வளவு ஒத்துப்போகலாமா? உறுத்துகிறது.

13 பிப்ரவரி
கிள்ளை கிராமத்துக்குப் போனேன். ஆய்வில் சேர்த்திருந்த தாய்களில் ஒருவரான தங்கம்மாளிடம் ஒரு கேள்வி விட்டுப்போயிருந்தது: பிள்ளையைப் பெற்றவள் எந்த ஊர்?

"நான்தாம்மா பெத்தேன்!"

"தத்துப் பிள்ளைன்னு சொன்னீங்களே?"

"ஆமா. ஜாதகத்துல தாய்க்கு ஆவாதுன்னாங்க. மாரியம்மனுக்குத் தத்துக் குடுத்து, தவிடு குடுத்துத் திரும்ப வாங்கியாந்தோம். அவன் சாமி புள்ளதான?"

சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். பஸ்ஸில்தான் நினைவு வந்தது. என் தம்பியையே அம்மா அப்படிக் கொடுத்து வாங்கினாள். எனக்கு ஏன் உறைக்கவில்லை? படிச்சுக் கிழிச்சேன்.

16 பிப்ரவரி
மற்ற வீடுகளிலும் விசாரித்தேன். பாதிக்கு மேல் கோயில் தத்து. மிச்சத்தில் பெரும்பாலும் அக்கா பிள்ளையைத் தங்கை வளர்க்கிறாள். வளர்ப்பவளுக்கும் அதே ரத்தம்தானே! பிறப்பையும் வளர்ப்பையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில்தான் ஆய்வே நின்றது.

18 பிப்ரவரி
சாரிடம் சொன்னேன். குரலைத் தாழ்த்தினார். "தத்துன்னு அவுங்கதான சொன்னாங்க? வெளியூர்லேருந்து தீசிஸ் திருத்துறவனுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே சார்."

"ரொம்ப ஜாஸ்தியா யோசிக்கிற."

பேசாம குடுத்துட்டா என்ன? யார் சாகப்போறாங்க? வேலை கிடைச்சாச்சுன்னு அம்மா தெருவெல்லாம் சொல்லிட்டா —

19 பிப்ரவரி
கொடுத்துவிடலாம்.

3 மார்ச்
'இப்பிள்ளைகளுக்குப் பெற்றவள் வேறு, வளர்த்தவள் வேறு' — இந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. பொய் எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். முதலிலிருந்து தொடங்குகிறேன் என்று சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பயமாக இருக்கிறது.

30 ஜூன்
கடலூர் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. அம்மா பேசுவதில்லை.

12 ஜூலை, திட்டக்குடி
புதிதாக ஒரு வீடு. இந்த முறை தத்து என்ற சொல்லையே எடுக்கவில்லை. "பாப்பாவைப் பெத்தது நீங்கதானாம்மா?" என்று நேராகக் கேட்டேன். அந்த அம்மாளின் முகம் வெளுத்தது. கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே ஒரு சிறுமியின் குரல்: "யாரும்மா?"

"யாருமில்லடி."

பெற்றவள் வேறு, வளர்த்தவள் வேறு — நான் தேடிய வீடு இதுதான். திரும்பத் தட்டவில்லை.