எழுத்துப் பிழை இல்லை

மார்ச் 4, திங்கள்

திருநர் உரிமைச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து இன்றோடு ஒரு மாதம். பாடநூல் அச்சகத்தில் இருபது வருடம் மெய்ப்புப் பார்த்தவளுக்கு வேலை புதிதில்லை. நாடு முழுவதிலிருந்தும் திருநங்கைகளும் திருநம்பிகளும் சொன்ன வாக்குமூலங்களில் பிழை நீக்க வேண்டும். சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்ற மருத்துவக் குழுவின் முன் நிற்க வேண்டும் என்றொரு விதி. அதை நீக்கக் கேட்டு இவற்றை நாடாளுமன்றக் குழுவிடம் கொடுக்கப் போகிறோம். மாதக் கடைசிதான் கெடு.

செயலாளர் ஒரு திருநங்கை, என்னைவிட ஆறு வயது சின்னவர். இங்கே எல்லோருக்கும் அவர் ‘கமா’. பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளியே வராது என்று சங்கத்து வக்கீல் வைத்த பெயராம்.

கமாவின் ஒரு வழக்கம் முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. எந்த வாக்குமூலமும், சொன்னவருக்குத் தொலைபேசியில் திரும்பப் படித்துக் காட்டாமல் வாசலைத் தாண்டாது. அதில் வேறொரு திருநங்கையோ திருநம்பியோ வந்தால் அவருக்கும்.

மார்ச் 6, புதன்

கமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெந்நீரைக் குடித்தபடி ஒன்பதாவது ஆளுக்குப் படிக்கிறார். அந்தப் பக்கம் இருப்பவர் பேருந்து நிலையத்தில் துப்புரவு வேலை பார்ப்பவர். ஹாரன் சத்தத்தில் ஒரே பத்தியை நான்கு முறை படிக்க வேண்டியிருந்தது. முகம் சுளிக்கவில்லை. நானாக இருந்தால் இரண்டாம் முறையே எரிந்து விழுந்திருப்பேன்.

மார்ச் 11, திங்கள்

தப்புச் செய்துவிட்டேன்.

தையல் வேலை செய்யும் ஒரு திருநங்கை, ‘நான் ஏழு வயசுப் பொண்ணா இருந்தப்ப’ என்று சொல்லியிருந்தார். தட்டச்சில் நேர்ந்த பிழை என்று நினைத்து ‘பையனா’ என்று திருத்தினேன். கை தானாகச் செய்தது. மதியம் கமா படித்துக் காட்டினார், ஸ்பீக்கரில். அந்த இடம் வந்ததும் அந்தத் திருநங்கை நிறுத்தச் சொன்னார். பிறகு மெதுவாக, “அது எழுத்துப் பிழை இல்லம்மா. நான் அப்பவும் பொண்ணுதான்.”

மாற்றியது நான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவரே சிரித்தார். வக்கீல் ஒரு திருநம்பி. வாய் சும்மா இருக்காது. “உஷாரா இருங்கப்பா. மேடம் நம்ம எல்லாரையும் திருத்திடுவாங்க போலிருக்கு.”

நானும் சிரித்தேன். வீடு வரும் வழியெல்லாம் அந்தத் திருநங்கை சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். இந்த நோட்டில் அந்தச் சொல்லை இன்றுதான் முதலில் எழுதுகிறேன். இதுவரை எல்லாப் பக்கத்திலும் ‘தம்பி’.

பத்து வயது சின்னவள். நான் வீட்டில் மெய்ப்புப் பார்க்கும்போது எதிரே உட்கார்ந்து, விட்டுப்போன ஒற்றுகளைக் கண்டுபிடிப்பாள். ஒற்றுக்கு ஒரு மிட்டாய்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், தான் யார் என்று அவள் சொன்ன அன்று அம்மா அழுதாள், அப்பா கத்தினார். நான் கதவைத் திறந்துவிட்டேன். புத்தி தெளிஞ்சதும் வான்னு சொன்னேன். ஏன்டி அப்படிச் சொன்ன? படிச்சவதானே நீ?

அந்த வருடமே ‘அன்புள்ள தம்பிக்கு’ என்று கடிதம் போட்டேன். திரும்பி வந்தது. ‘தம்பி’யை மட்டும் சுழித்து, ஓரத்தில் நீக்கல் குறி. நான் சொல்லிக்கொடுத்த குறி.

மார்ச் 15, வெள்ளி

கமாவிடம் தங்கையைப் பற்றிச் சொன்னேன். குடும்பத்தார் தந்த வாக்குமூலங்கள் மிகக் குறைவு, நீங்களும் எழுதுங்கள் என்றார். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டிட்டீங்களா?”

எனக்கு மட்டும் விலக்குத் தரக் கூடாதா என்று கேட்டேன். வெட்கம்தான், ஆனாலும் கேட்டேன்.

“எழுதினது நீங்கக்கா. வாழ்ந்தது அவங்க.”

அதிசயமாக, அதோடு நிறுத்திவிட்டு எழுந்து போனார்.

மார்ச் 17, ஞாயிறு

இன்றும் தங்கையைக் கூப்பிடவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

கைபேசியில் அவள் எண் ‘தம்பி’ என்றே இருந்தது. முதலில் அதை மாற்றினேன். சாப்பாட்டு இடைவேளையில் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து கூப்பிட்டேன்.

எடுத்தாள். என் குரல் தெரிந்துவிட்டது. விஷயத்தைச் சொல்லி, படிக்கட்டுமா என்றேன்.

“படிங்க.”

படிங்க! என்னை வா, போ என்றே பேசி வளர்ந்தவள். அந்த மரியாதை அறை விழுந்த மாதிரி இருந்தது. குரல் உடைய உடைய, கடைசி வரை படித்தேன்.

“‘வீட்டை விட்டுப் போனாள்’னு ஒரு இடத்துல வருது. நான் போகல. நீங்க அனுப்பினீங்க.”

மாற்றுகிறேன் என்றேன். மாற்றிய வரியை அப்போதே படித்தேன்: ‘வீட்டை விட்டு அனுப்பினோம்.’ சரி, கொடுங்க என்று வைத்துவிட்டாள். ஒரு முறைகூட அக்கா என்று சொல்லவில்லை.

மார்ச் 28, வியாழன்

நாடாளுமன்றக் குழுவின் அறை. இவையெல்லாம் உண்மை என்று எப்படி நம்புவது என்றார் ஓர் உறுப்பினர்.

கமா குரலை உயர்த்தவில்லை. “ஒவ்வொண்ணையும் சொன்னவங்களுக்கே படிச்சுக் காட்டி, அவங்க சரின்னப்புறம்தான் கொண்டு வந்திருக்கோம். இந்த விதியை எழுதினப்ப எங்கள்ல யாருக்காவது படிச்சுக் காட்டினீங்களா?”

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். “கமா இன்னிக்குக் கேள்விக்குறி,” என்றார் வக்கீல் என் காதில். இப்படிப்பட்டவர்களோடு ஒரே வரிசையில் உட்கார எனக்கு என்ன தகுதி?

ஏப்ரல் 23, செவ்வாய்

விதியை நீக்கலாம் என்று குழு போன வாரம் பரிந்துரைத்தது. சட்டமாக இன்னும் எத்தனை படி ஏற வேண்டுமோ. வக்கீல் அதற்குள் அடுத்த கோப்பைத் திறந்துவிட்டார். கமா மறுபடி வெந்நீர் கேட்கிறார்.

வாக்குமூலங்கள் அறிக்கையின் பின்னிணைப்பாக அச்சாகியிருக்கின்றன. தங்கைக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தேன். இன்று காலை அவளிடமிருந்து குறுஞ்செய்தி:

“அக்கா, உன் பக்கத்துல எட்டாவது வரில ஒற்று விட்டுப் போச்சு. ஒரு மிட்டாய்.”