தார்ன்மியர் பிரபுவின் கொட்டாவி

ஒனிஹங்கா,
4 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை சிந்துவுக்கு,

போனில் என்னைப் பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரைப் பிளாக் செய்ய முடியாதே, அதனால் இந்தக் கடிதம். எழுத்துக்கூட்டியாவது படி.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிப் பேச்சுப்போட்டி மேடையில் நீ பேசியதும் அரங்கமே சிரிப்பில் அதிர்ந்ததா இல்லையா? இங்கே வெளிநாட்டில் வளரும் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். யாரோ எழுதித் தருவார்கள். அதை இங்கிலீஷ் எழுத்தில் போட்டு மனப்பாடம் செய்து, கையை ஆட்டி ஒப்பிப்பார்கள். உனக்கு நான் எழுதித் தந்தேன். யாரைப் பற்றிப் பேசுவது என்ற குலுக்கலில் உனக்கு விழுந்தவரோ தார்ன்மியர் பிரபு. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் மந்திரி. அவர் அப்பா, தாத்தா எல்லாருமே பிரபு. அந்த வாழ்க்கையில் கொஞ்சம் மசாலா வேண்டாமா? "நாற்பது ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் நன்றாகத் தூங்கி, நாட்டுக்காக நாலே கொட்டாவி விட்ட நாயகர்" என்று சேர்த்தேன். அர்த்தம் தெரியாமல் நீ நெஞ்சில் கை வைத்து அதைச் சொன்னாயே, பிரபு அன்றைக்கே பிரபலம்.

கோபம் ஆறியதும் கூப்பிடு.

உன் குறும்பு அண்ணன்,
வெற்றி

ஒனிஹங்கா,
13 ஆகஸ்ட்

சிந்து,

அம்மா இப்போதுதான் சொன்னார். யார் எழுதித் தந்தது என்று நடுவர் மாரிசாமி சார் கேட்டதற்கு, "நானேதான்" என்றாயாம். மேடையில் வேண்டுமென்றே தமிழைக் கேலி செய்துவிட்டாய் என்று சித்தப்பா, பெற்ற மகள் என்றும் பார்க்காமல், உன்னோடு பேசுவதே இல்லையாம்.

பெயர்தான் வெற்றி, செய்வதெல்லாம் வெட்டி. இதற்குமேல் எனக்கு ஜோக் வரவில்லை.

நேற்றிரவு சித்தப்பாவுக்கு போன் செய்தேன். அவர் "ஹலோ" என்றதும் வைத்துவிட்டேன். நீ ஏன் என் பெயரைச் சொல்லவில்லை?

வெற்றி

கிளென்ஃபீல்ட்,
18 ஆகஸ்ட்

வெற்றி அண்ணாவுக்கு,

இது நானே எழுதுறேன். யார்கிட்டயும் கேக்கல. தப்பு இருக்கும்.

நீ எழுதித் தர்றதுக்கு முன்னாடியே லைப்ரரில அவரைப் பத்திப் படிச்சேன், இங்கிலீஷ்ல. பஞ்சத்தைப் பத்தி செக்ரட்டரி எழுதிக் குடுத்ததை, படிச்சுப் பாக்காம அப்படியே பார்லிமென்ட்ல பேசிட்டார். அதுல பொய் இருந்துச்சு. யார் எழுதினதுன்னு கேட்டாங்க. "என் வாய்ல வந்தது, அதனால என்னோடது" அப்படின்னு சொல்லிட்டு மந்திரி வேலையை விட்டுட்டார். திரும்ப மந்திரியா யாரும் அவரைக் கூப்பிடவே இல்ல. செக்ரட்டரி கடைசி வரைக்கும் வாயே திறக்கல.

நாயகர்னா ஹீரோன்னு எனக்குத் தெரியும். அவர் வேலையை விட்ட இடத்தைத்தான் சொல்றேன்னு நெனச்சேன். அதான் நெஞ்சுல கை வெச்சேன்.

நீ மாட்டிக்கக் கூடாதுன்னு உன் பேர் சொல்லல. அப்பா பக்கத்துல நான் இருந்தாலும் உப்பு வேணும்னா அம்மாகிட்டதான் கேக்குறார்.

சிந்து

ஒனிஹங்கா,
24 ஆகஸ்ட்

சிந்து,

உன் கடிதத்தில் தப்பே இல்லை.

மாரிசாமி சாரிடம் சொல்லிவிட்டேன். நேற்று உங்கள் வீட்டுக்கும் வந்தேன். உன் அறைக் கதவு மூடியிருந்தது. திறந்திருந்தால் உன் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை. சித்தப்பா பின்பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தச் சொல்லி, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். குனிந்தே சொன்னேன், அவர் முகம் எப்படி இருந்தது என்று தெரியாது. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவ ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"என்னைக் காப்பாத்தத்தான், சித்தப்பா."

அடித்திருந்தால் தேவலை. அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. புல் ஒட்டிய ஷூவைக் கழற்றாமலே உள்ளே போனார். உன் கதவுக்கு முன்னால் நின்றார். கையைத் தூக்கினார், இறக்கினார். மறுபடியும் தூக்கினார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு என்ன தகுதி? கிளம்பிவிட்டேன்.

எனக்கு நீ எழுத வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். இது ஒன்றை மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பு.

தட்டினாரா?

வெற்றி