சோளகத்துக்குத் திறக்கும் யன்னல்

இன்று காலை யன்னல் படியைத் துடைத்தபோது துணி முழுக்கக் கரி. நேற்றுத்தான் துடைத்திருந்தேன். அந்த டீசல் மணம் மூக்கில் ஏறியதும் உம்முடைய நினைவு வந்துவிட்டது. கொழும்பு நமக்குக் காசில்லாமல் தருவது இது ஒன்றுதான் என்று சொல்லிச் சிரிப்பீர்.

என் உத்தியோகத்துக்காக, உம்மையும் மகளையும் கூட்டிக்கொண்டு அனலைதீவை விட்டு இந்த மாடி வீட்டுக்கு வந்தபோது, காற்றைப் பற்றி நமக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஊரில் எந்தத் திசைக் காற்றும் கடலைத் தாண்டித்தானே வரும்? அந்த நம்பிக்கையில் மார்கழி வாடைக்கு யன்னலை அகலத் திறந்துவைத்தோம். இங்கே வாடை பஸ் நிலையத்தையும் ரயில் எஞ்சின்களையும் கடந்து வந்தது. மகளுக்குத் தொய்வு இழுக்கத் தொடங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சின்னத் தோள்கள் ஏறி இறங்கின. மருந்து கொடுத்தால் தணியும், பிறகு திரும்பி வரும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். ஊர்காவற்றுறையில் வள்ளம் ஏறிக் கொஞ்சத் தூரம் போகுமுன்னே மகள் இழுப்பு அடங்கிப் பாடத் தொடங்கிவிட்டாள்.

"பிள்ளையை அம்மாவோடை ஊரிலையே விடுவம்," என்றேன்.

நீர், வள்ளக்காரர் கம்பில் கட்டியிருந்த துணி பறப்பதையே பார்த்துக்கொண்டிருந்தீர். "ஏலாது. பிள்ளை எங்களோடைதான் இருப்பாள். காத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

திரும்பி வந்ததும் பழைய சேலைக் கரையைக் கிழித்து யன்னல் கம்பியில் கட்டினீர். தென்மேற்குச் சோளகம் கடலிலிருந்து வந்து துணியைத் தெருப் பக்கம் தள்ளினால் யன்னல் திறக்கும். துணி கடல் பக்கம் திரும்பினால் யன்னலைப் பூட்டி ஈரச் சீலை தொங்கவிடுவீர். அடுப்பில் கறி கருகினாலும் துணியிலிருந்து கண் எடுக்கமாட்டீர்.

கீழ்வீட்டில் இருந்த, புளியங்கூடல் ஊர்ப் பெண் கேலி செய்தாள்: "அக்கா, வள்ளம் விடப் போறியளோ?"

"ஓம், ஏறுறதெண்டால் வாரும்!" என்றீர்.

தொய்வு முற்றாகப் போகவில்லை. ஆனால் வருவது குறைந்தது, மகள் நம்மோடு வளர்ந்தாள். ஒரு முழத் துணியை வைத்துக்கொண்டு இந்தப் பெரிய பட்டணத்தோடு மல்லுக்கு நின்றீர். எனக்கு அந்தத் துணிச்சல் வந்திராது.

நீர் கண்மூடி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள், கீழே இருந்து அதே பெண்ணின் குரல் கேட்டது: "அண்ணை, துணியைக் காணேல்லை. யன்னலைத் திறக்கிறதோ, பூட்டுறதோ?"

இத்தனை காலமும் அவளும் அதைப் பார்த்துத்தான் யன்னல் திறந்திருக்கிறாள்! மழையில் நைந்து விழுந்ததை நான் கவனிக்கவில்லை. மகள் அலுமாரியைத் திறந்து, உம்முடைய பச்சைச் சேலையின் கரையைக் கிழித்துக் கட்டினாள். சற்றுப் பார்த்தாள்.

"சோளகம், அப்பா."

யன்னலைத் தள்ளித் திறந்து மூச்சை ஆழமாக இழுத்தாள். நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லை.

துணி நைந்தால் மாற்றுவது இப்போது என் வேலை. பச்சைச் சேலையில் இன்னும் கரை மிச்சமிருக்கிறது.